ஆண் துணை இல்லாத புழுக்கள்

"புழு பொண்ணாப் பொறந்தது என் குத்தமாய்யா?"

"குத்தம்னு யாரும்மா சொன்னா? நான் சொல்றது என்னன்னா..."

"அப்ப சீசாவை வாங்கி உள்ள வை."

"வாங்க முடியாதுன்னுதானே அப்பலேருந்து கத்திக்கிட்டிருக்கேன். கூட ஒரு ஆணாவது..."

"நானும்தான் தனியா வந்திருக்கேன். என்னையும் வெளிய தள்ளிடுவியா?"

"நீங்க தனியா வரலாம்மா. புழு வரக் கூடாது."

உயிரினப் பெயர் மாமன்றம், குடற்புழுப் பிரிவு, உருளைப்புழுக் கிளை, மான் மேசை. ஒவ்வொரு பலகையாகக் கடந்து வந்து கடைசியில் நிற்கிற இடம் ஒரு கண்ணாடி ஜன்னல். பேசுவதற்கான ஓட்டையை வருகிறவர்களின் வயிற்று உயரத்தில் வைத்திருந்தார்கள். யார் எதைக் கேட்க வந்தாலும் குனிந்துதான் கேட்க வேண்டும். குனிந்து சண்டை போடுவது கஷ்டம். அந்தக் கஷ்டத்தையும் பார்க்காமல் மான்காரி போட்டுக்கொண்டிருந்தாள்.

நகரப் பூங்காவில் வேலிக்குள் இருக்கிற மான்களுக்குத் தீனி போடுவதும் சாணம் வாருவதும் அவள் வேலை. அதனால் மான்காரி. கிழட்டுக் கலைமான் ஒன்று மெலிந்து மெலிந்து ஒரு நாள் வேலியோரம் சாய்ந்துவிட்டது. அவளுடைய தங்கைதான் பூங்காவுக்கு மிருக டாக்டர். தங்கை அதன் வயிற்றைக் கிழித்துப் பார்த்தபோது குடல் முழுக்க வெள்ளை நூலாகப் புழு. மற்ற மான்களும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருந்தன. முதுகெலும்பு தெரிந்தது, மயிர் சிலிர்த்து நின்றது, வாலடி எப்போதும் நனைந்திருந்தது. எல்லாவற்றிலும் மோசம் ஒத்தைக்காதி. குட்டியாக இருந்தபோது ஒரு காதை நாயிடம் கொடுத்துவிட்டுத் தப்பி வந்த பெண் மான். இப்போது வயிற்றில் குட்டி.

"எந்த உருளைப்புழுவா இருந்தாலும் ஒரே மருந்துதான்க்கா," என்று தங்கை சொல்லியிருந்தாள். மருந்தும் பூங்காவின் மருந்து அறையிலேயே இருந்தது. ஆனால் அந்த அறைக்கு ஒரு விதி. கொல்லப் போகிற புழுவின் முழுப் பெயரைச் சொன்னால்தான் பூட்டைத் திறப்பார்கள். பெயர் தெரியாத ஒன்றைக் கொல்வது நாகரிகமில்லை என்பது கருத்து. பெயர் சொல்லும் உரிமை மாமன்றத்துக்கு மட்டுமே உண்டு. அப்படித்தான் மான்காரி சாராயத்தில் ஊறுகிற புழுக்களோடு அந்த ஜன்னலில் வந்து குனிந்தாள்.

ஜன்னல்காரர் கெட்டவர் இல்லை. பொறுமையாகவே சொன்னார்.

"பொண்ணு புழு எல்லாம் பார்க்க ஒண்ணு போலவே இருக்கும்மா. ஆணுக்குத்தான் வால்ல விசிறி. விசிறிக்குள்ள முள்ளு. முள்ளைப் பார்த்துத்தான் பேர். உங்க சீசாவில இருக்கிறதெல்லாம் பொண்ணு."

"அப்ப பொண்ணுக்குப் பேரே கிடையாதா?"

"யார் சொன்னா? பக்கத்துல எந்த ஆண் இருக்கோ அதோட பேருல சேர்த்துக்குவோம்."

"பக்கத்துல இருந்தாப் போதுமா? அதுக்கும் இதுக்கும் உறவு உண்டா இல்லையான்னு விசாரிக்க வேணாமா?"

"விசாரிச்சா வேலை ஓடுமா? ஒரே சீசாவில இருந்தாப் போதும்."

மான்காரிக்கு இது பழகிய கேள்விதான். வாடகைக்கு வீடு பார்க்கப் போன இடத்தில் கேட்டிருக்கிறார்கள். காஸ் இணைப்பு கேட்கப் போன இடத்திலும் கேட்டிருக்கிறார்கள். ஆனால் குடலுக்குள் இருக்கிற புழுவிடமும் இதைக் கேட்பார்கள் என்பது அவளுக்குப் புதுச் செய்தி.

"ஆண் புழுவுக்கு நான் எங்கய்யா போவேன்? இன்னொரு வயித்தைக் கிழிக்கணும். அதுக்கு இன்னொரு மான் சாகணும்."

"அது எங்க பிரிவுல வராதும்மா. சாவு கீழ்மாடி."

அவள் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். ஜன்னல்காரருக்கு இரக்கம் வந்துவிட்டது.

"வெறுங்கையோட அனுப்ப எனக்கும் மனசில்லை. புழுக்கை கொண்டு வந்திருக்கீங்களா? அதை வாங்கிக்கலாம். அதுல புழு முட்டை இருக்கும். முட்டையில ஆண் பெண் பேதம் கிடையாது."

ஒத்தைக்காதியின் புழுக்கை ஒரு டப்பாவில் இருந்தது. அதைக் கொடுத்துவிட்டு, பெண்கள் சீசாவைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள்.

ஆண் புழுவுக்காக மான்காரி வேண்டிக்கொள்ளவில்லை. அது தானாகவே கிடைத்தது. கொம்பு இன்னும் முளைக்காத இளங்கடா மான் ஒன்று காலையில் எழுந்திருக்கவில்லை. தங்கை உட்கார்ந்து கிழித்தாள். அக்கா பக்கத்தில் நின்று வேறு பக்கம் பார்த்தாள்.

"ஆண் இருக்காடி?"

"இருக்குக்கா. நிறைய இருக்கு."

"வாழ்க. இனி மரியாதையா உள்ள விடுவாங்க."

விட்டார்கள். ஜன்னல்காரர் சீசாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து முகம் மலர்ந்தார். "இப்பதான் குடும்பமா வந்திருக்கீங்க," என்றார்.

உள்ளே பெரிய கூடம். சுவர் முழுக்க முன்னாள் தலைவர்களின் படங்கள், எல்லோர் கையிலும் ஒரு சீசா. நடுவில் ஒரு மேசை, மேசையில் வெல்வெட் துணி மூடிய ஏதோ ஒன்று. ஒரு சேவகர் துணியை விலக்கினார். கூடத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மூச்சு பட்டால் மூலம் கலங்குமாம்.

"என்னங்க இது?" என்று மான்காரி பக்கத்தில் நின்ற குமாஸ்தாவின் காதில் கேட்டாள்.

"மூலப்புழு. இந்தக் கிளையில முதல் முதலாப் பேர் வச்ச புழு. இனி வர்ற எந்தப் புழுவையும் இதோட ஒப்பிட்டுத்தான் இது அதுவா இல்லையான்னு சொல்வாங்க."

மான்காரி எட்டிப் பார்த்தாள். சீசாவின் மேல் பெயர்ச் சீட்டு இருந்தது. அடியில் மஞ்சளாக ஒரு கறை இருந்தது.

"உள்ள ஒண்ணும் இல்லியே?"

"மெதுவாப் பேசுங்க. முன்ன இருந்தது. சாராயம் வத்திப் புழுவும் கரைஞ்சு போச்சு. பேர் மட்டும் கெடாம இருக்கு."

"அப்புறம் எதுக்கு எழுந்து நிக்கிறீங்க?"

"உட்கார்ந்தா, இல்லைன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமே."

துணியை மறுபடி மூடியதும் எல்லோரும் மூச்சு விட்டார்கள். மான்காரியின் சீசா நுண்ணோக்கிக்குப் போனது. அங்கே இரண்டு பெரியவர்கள். ஒருவருக்கு எதைப் பார்த்தாலும் இரண்டாகத் தெரியும், அவர் பிரிப்பாளர். மற்றவருக்கு எதைப் பார்த்தாலும் ஒன்றாகத் தெரியும், அவர் சேர்ப்பாளர். இருவரும் சம்பந்திகள். பிரிப்பாளர் மகளுக்குத் தனிக்குடித்தனம் வேண்டும். சேர்ப்பாளர் வீட்டில் எல்லோரும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். நடுவில் மாட்டிக்கொண்ட மருமகன் எந்த வகை என்று இன்னும் முடிவாகவில்லை.

"ரெண்டு இனம்!" என்றார் பிரிப்பாளர், கண்ணை எடுக்காமல். "ஒண்ணுக்கு முள் நீளம். இன்னொண்ணுக்குக் குட்டை. நுனி பிளந்திருக்கு பாருங்க."

"ஒரே இனம். ஒரே வயித்துல நெட்டையும் குட்டையும் இருக்கத்தான் செய்யும். என் தம்பி மூக்குகூடப் பிளந்துதான் இருக்கு. அதுக்காக அவன் வேற இனமா?"

"அதுல எனக்கு ரொம்ப நாளாச் சந்தேகம் உண்டு."

"சம்பந்தி, குடும்பத்தை இழுக்காதீங்க..."

"நீங்கதான் மூக்கை இழுத்தீங்க..."

"ஐயா," என்றாள் மான்காரி, "ஒண்ணோ ரெண்டோ, அது உங்க பாடு. மருந்துக்கு ஒரு பேர் சொல்லுங்க. அங்க என் மான் நிக்க முடியாம நிக்குது."

"எந்த மான்?" என்று இருவரும் சேர்ந்து கேட்டார்கள். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போனது அந்தக் கேள்வியில் மட்டும்தான்.

வழக்கு தலைவரிடம் போனது. அவர் பார்வைக்குச் சாதுவானவர். கைகளை வயிற்றின் மேல் கோத்துக்கொண்டு பேசுவார். பேசுவதற்கு முன் குமாஸ்தா ஒரு டம்ளர் தண்ணீரை மூடி போட்டு அவர் முன் வைப்பார். அவர் குடித்து யாரும் பார்த்ததில்லை.

"அம்மா, உங்கள் பதற்றம் எனக்குப் புரிகிறது," என்று தொடங்கினார். "ஆனால் மருந்து என்பது அவசரக்காரர்களின் வித்தை. பெயர் இல்லாமல் செத்துப்போன புழு பிறக்காத புழுவுக்குச் சமம். அந்தப் பழியை நாங்கள் ஏற்க முடியுமா? இந்த மாமன்றம் தோன்றிய நாளிலிருந்து ஒரு மான்கூட எங்களால் பிழைத்ததில்லை. ஆகவே ஒரு தவறுகூட எங்கள் மேல் கிடையாது. இந்தப் பெருமையை உங்கள் பூங்காவுக்காக இழக்கச் சொல்கிறீர்களா?"

கூடத்தில் கைதட்டினார்கள்.

"மான்கள் வரும், போகும். குட்டி போட்டுப் பெருகும். பெயர் அப்படியா? ஒரு முறைதான் வைக்க முடியும்."

பிரிப்பாளர் எழுந்து தொண்டையைச் செருமினார். குட்டை முள் புழு புதிய இனம் என்று ஏற்கப்படுமானால், அதற்கு மதிப்புக்குரிய தலைவரின் பெயரைச் சூட்ட வேண்டும் என்பது தன் நெடுநாள் ஆசை என்றார். அந்தப் புழுவை அவர் பார்த்ததே அன்று காலையில்தான். இந்தத் தொழிலில் அது பெரிய மரியாதை. வெளியே தெருவில் ஒருவர் பெயரைப் புழுவுக்கு வைத்தால் அடிதடி ஆகும். உள்ளே வைத்தால் மாலை விழும்.

தலைவர் கண்களை மூடி நெடுநேரம் யோசித்தார். பிறகு, தனக்கு இதில் தனிப்பட்ட விருப்பம் எதுவும் இல்லையென்றும், அறிவியல்தான் இரண்டு என்கிறதென்றும் தீர்ப்புச் சொன்னார்.

"அப்ப மருந்து?" என்றாள் மான்காரி.

"பெயர் சூட்டு விழா முடிந்ததும்."

"விழா எப்ப?"

"பெயரைக் கல்லில் வெட்டி முடித்ததும்."

"அதுக்குள்ள ஒத்தைக்காதி போயிடுமே."

"யார் அது? எங்கள் பட்டியலில் அப்படி ஒரு பெயர் இல்லையே," என்றார் தலைவர். அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையிலேயே யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

அதற்குள் நுண்ணோக்கிப் பக்கம் சத்தம். பிரிப்பாளர் புழுவைத் தனியே எடுக்கப் பார்க்க, சேர்ப்பாளர் விடாமல் பிடிக்க, தலைவர் பெயர் பெறவிருந்த புழு முள்ளும் விசிறியும் தனித்தனியாகப் போய்விட்டது. விழாவுக்குப் புதிதாக ஒரு ஜோடி கொண்டுவர வேண்டியது பூங்காவின் பொறுப்பு என்று உடனே முடிவானது.

மான்காரி திரும்பி வந்தபோது ஒத்தைக்காதி படுத்திருந்தது. தொட்டியில் போட்ட தவிடு அப்படியே கிடந்தது. தங்கை பக்கத்தில் உட்கார்ந்து வயிற்றில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குட்டி அசையுதாடி?"

"அசையுது. தாய்க்குத்தான் ரத்தமே இல்லை. பேர் சொன்னாங்களா?"

"கல்லுல வெட்டுறாங்களாம். மருந்தை எடு."

"அறை பூட்டியிருக்கேக்கா."

"உன் பையில இருக்கிறதை எடு."

"அது ஆட்டுக்குன்னு வாங்கினது. மானுக்குக் கொடுத்தேன்னு தெரிஞ்சா என் உரிமம் போயிடும். நான் படிச்ச படிப்பு..."

"அப்படி என்னடி படிச்சே? ஒரே மருந்துதான்னு நீதானே சொன்னே?"

"சொல்றது வேற, செய்யறது வேறக்கா. நீ சொல்லிட்டுப் போயிடுவே. நாளைக்கு என்னைக் கூப்பிட்டு நிக்க வச்சுக் கேட்பாங்க."

"கேட்கட்டும். நானும் கூட நிக்கிறேன். உரிமம் போனா என்ன? ரெண்டு பேருமாச் சாணி அள்ளுவோம். சாணி அள்ள எவனும் உரிமம் கேட்கிறதில்லை."

தங்கை அழுவது போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சிரித்துவிட்டாள். "சரி, இருட்டட்டும். எல்லாரும் போன பிறகு..."

"எதுக்கு இருட்டணும்? நாம என்ன மானைத் திருடப் போறோமா? இப்பவே. வெயில்ல. எல்லாரும் பார்க்கட்டும்."

வேலிக்கு வெளியே பூங்காவுக்கு வந்தவர்கள் கூடி நின்று பார்த்தார்கள். தவிட்டில் கலந்து தொட்டியில் வைத்ததை மற்ற மான்கள் தின்றன. ஒத்தைக்காதி தலையைத் தூக்கவில்லை. மான்காரி அதன் தலையை மடியில் வைத்து, கடைவாயில் விரலை விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை ஊற்றினாள். பாதி அவள் புடவையில் வழிந்தது. தங்கை இன்னும் கொஞ்சம் ஊற்றித் தந்தாள்.

மருந்து அறைக்காரர் சாவிக்கொத்துடன் ஓடி வந்தார். "என்னம்மா செய்யறீங்க? எந்தப் புழுன்னே தெரியாம..."

"செத்ததும் பேரைக் கேட்டுச் சொல்றேன்," என்றாள் மான்காரி.

புழுக்கள் பெயர் சொல்லிக்கொள்ளாமலே செத்தன. முதலில் இளம் மான்களின் வாலடி காய்ந்தது. பிறகு தொட்டி காலியாகத் தொடங்கியது. ஒரு நாள் காலையில் சாணம் வாரப் போனவள், ஒத்தைக்காதி படுத்திருந்த இடத்தில் உருண்டை உருண்டையாகக் கெட்டிப் புழுக்கை கிடப்பதைப் பார்த்தாள். முத்தைப் பொறுக்குவது போல ஒன்றை எடுத்துத் தங்கையிடம் காட்டினாள். தங்கை, "கையைக் கழுவுக்கா," என்றாள். ஆனால் அவளும் வாங்கிப் பார்த்தாள்.

விழா நாள் வந்தது. மாமன்றத்து வாசலில் ஜன்னல்காரர் இன்று ஜன்னல் இல்லாமல் நின்றார்.

"துணைக்கு யாரும் வரலையாம்மா?"

"தங்கச்சி வந்திருக்கா."

"ஆண் யாரும்?"

"சீசாவுலகூட இல்லை."

கூடத்தில் புதுக் கல் ஒன்று வெல்வெட் போர்த்தி நின்றது. தலைவர் மேடையில் கைகளை வயிற்றில் கோத்து உட்கார்ந்திருந்தார். முன்னால் மூடி போட்ட டம்ளர். மான்காரி கொண்டு வந்த டப்பாவைப் பிரிப்பாளர் வாங்கி அலசினார். சேர்ப்பாளரும் வாங்கி அலசினார். புழுக்கை இருந்தது. ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, முட்டைகூட இல்லை.

"மருந்து கொடுத்துட்டேங்க," என்றாள் மான்காரி, யாரும் கேட்காமலே.

"கொடுத்தது நான்," என்றாள் தங்கை, எழுந்து நின்று.

கூடம் மூச்சைப் பிடித்தது. இந்த முறை மூலத்துக்காக இல்லை.

தலைவர் எழுந்தார். "இவர்கள் செய்தது என்ன என்று உங்களுக்குப் புரிகிறதா? ஓர் இனம் பெயர் பெறப் போகிற வாசலில் நின்றது. உலகத்தில் வேறு எங்கும் அது இருப்பதாகத் தெரியவில்லை. வேறு எங்கும் நாங்கள் தேடவில்லை என்பது வேறு விஷயம். அதை இந்தச் சகோதரிகள் தவிட்டில் வைத்துக் கொன்றுவிட்டார்கள். ஒரு மான் செத்தால் தோல் மிஞ்சும், கொம்பு மிஞ்சும். என் பெயர் செத்தால் என்ன மிஞ்சும்?"

முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஆனால் இந்த மாமன்றம் தோற்பதில்லை." தலைவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்தார். அடியில் கலங்கலாகக் கொஞ்சம் தண்ணீர். "முன்பு ஜன்னலில் பெற்ற புழுக்கையில் முட்டை பொரித்துச் சில குஞ்சுகள் பிழைத்திருக்கின்றன. என் இனத்தின் கடைசி வாரிசுகள். குஞ்சுக்கு முள் கிடையாது. வளர்ந்து ஆணாகி வாலைக் காட்டினால்தான் பெயர் நிலைக்கும். வளர ஒரு வயிறு வேண்டும். ஆகவே அந்த ஒற்றைக்காது மானை இன்று மாலைக்குள் இங்கே ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தால் டாக்டரின் உரிமத்தைப் பற்றி நாங்கள் கருணையோடு யோசிப்போம்."

ஒத்தைக்காதி என்ற பெயர் அவருக்கு இப்போது நினைவிருந்தது.

தங்கை அக்காவின் முந்தானையைப் பிடித்தாள். மான்காரி அதை மெதுவாக விடுவித்துக்கொண்டு மேடைக்கு நடந்தாள். யாரும் தடுக்கவில்லை. குப்பியை எடுக்க வருகிறாள், பணிந்துவிட்டாள் என்று நினைத்திருப்பார்கள். தலைவரும் அப்படித்தான் நினைத்துக் குப்பியை நீட்டினார். அவள் வாங்கினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். உள்ளே ஏதோ மயிரிழை போல நெளிந்தது.

"பாவம், சின்னதுங்க," என்றாள். "ஆனா ஒத்தைக்காதி வயித்துல எடமில்லைங்க. அங்க குட்டி இருக்கு."

பிறகு தலைவர் முன்னால் இருந்த டம்ளரின் மூடியை எடுத்து ஓரமாக வைத்தாள். குப்பியின் தக்கையைத் திருகி எடுத்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில், அவர் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தாள். இந்த ஒரு மேசையில் மட்டும் யாரும் குனியத் தேவையில்லை என்பதால் நிமிர்ந்தே நின்றாள்.

"பேர் வச்சவங்கதானே ஐயா சோறு போடணும்? உங்க பேரு, உங்க புள்ளைங்க, உங்க வயிறு. இந்தா இருக்கு தண்ணி, குடிங்க. நான் காத்திருக்கேன்."